வெள்ளத்துக்கு முன்பே தொடங்கும் தீவு: அயர்லாந்தின் தோற்றக் கதையைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நோவாவின் பேத்தி கெசர், பெருவெள்ளம் வருவதற்கு 40 நாள் முன்னால் 50 பெண்களோடும் 3 ஆண்களோடும் அயர்லாந்தின் தென்மேற்குக் கரையில் வந்து இறங்குகிறாள். மனிதக் கால் படாத தீவு, பாவம் நடக்காத தீவு, அங்கே வெள்ளம் வராது என்று நம்பி வந்தவள். வெள்ளம் வந்துவிடுகிறது. ஒரே ஒரு ஆளைத் தவிர யாரும் மிஞ்சவில்லை.

அயர்லாந்து மக்கள் தங்கள் வரலாறு என்று பல நூற்றாண்டுகள் நம்பிய கதை இப்படித்தான் ஆரம்பிக்கிறது. அதைச் சொல்லும் நூலின் பெயர் ‘லெவோர் கவாலா ஏரென்’. அயர்லாந்தைக் கைக்கொண்ட வரலாறு என்று பொருள் கொள்ளலாம். 11ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்டது. தொகுத்தவர் பெயர் தெரியாது.

இதைப் படிக்க உட்காருகிறவர்கள் வழக்கமாக இரண்டு விதமாகத் தடுமாறுகிறார்கள். சிலர் இதை உண்மை வரலாறாக எடுத்துக்கொண்டு, எந்தக் கூட்டம் எந்த ஆண்டு வந்தது என்று தேடுவார்கள். வேறு சிலர், பழைய தெய்வங்களின் கதை மட்டும் போதும் என்று மோசே, பாபேல், பார்வோன் வரும் பக்கங்களைத் தாண்டிப் போய்விடுவார்கள். என் எண்ணத்தில் இரண்டுமே நஷ்டம். இந்த நூலின் உயிர், ஒட்டுப்போட்ட இடங்களில்தான் இருக்கிறது. உலக வரலாற்றை எழுதிய கிரேக்கரும் ரோமரும் யூதரும் அயர்லாந்தைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே எழுதவில்லை. அந்த வெற்றிடத்தில் தங்கள் மக்களுக்கு ஓர் இடம் தேடிய அறிஞர்கள் எதை எதோடு தைத்தார்கள் என்று பார்க்கத் தெரிந்துவிட்டால், சலிப்பூட்டும் பெயர்ப்பட்டியல்கூடப் பேச ஆரம்பித்துவிடும். அந்தத் தையலைப் பார்க்கப் பழகுவதற்குத்தான் இந்த வழிகாட்டி.

படி 1: கையில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

இது ஒரே ஆள் ஒரே மூச்சில் எழுதிய நூல் அல்ல. உரைநடையும் செய்யுளும் மாறி மாறி வரும். செய்யுள்கள் பல, பெயர் தெரிந்த புலவர்களுடையவை: 1004இல் இறந்த யோக்கத் ஊவா ஃபிளன், 1056இல் இறந்த மொனாஸ்டர்பாய்ஸ் மடத்து ஆசிரியர் ஃப்ளான், அவருக்குச் சற்றுப் பின் வந்த கில்லா கோவமான். இவர்களுடைய பாடல்களை நூலாகக் கோத்து, இடையிடையே உரைநடை எழுதிச் சேர்த்திருக்கிறார்கள்.

தொகுத்த சில பத்தாண்டுகளுக்குள்ளேயே பலர் அதைத் திருத்தினார்கள், கூட்டினார்கள், இரண்டு பிரதிகளைக் கலந்தார்கள். அதனால் ஒன்றுக்கொன்று வேறுபடும் பல பாடங்கள், அதாவது வடிவங்கள், இருக்கின்றன. 12ஆம் நூற்றாண்டின் ‘லென்ஸ்டர் நூல்’ என்ற பெரிய கையெழுத்துச் சுவடி இந்தக் கதையோடுதான் தொடங்குகிறது. டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் அது இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்ட பாலிமோட் நூலிலும், அதை ஒட்டி வந்த லெக்கன் நூலிலும் வேறு பாடங்கள் கிடைக்கின்றன.

ஆங்கில மொழிபெயர்ப்போடு கூடிய முழுப் பதிப்பு என்றால், தொல்லியலாளர் மக்காலிஸ்டர் 1938 முதல் 1956 வரை ஐந்து தொகுதிகளாகக் கொண்டுவந்ததுதான். கடைசித் தொகுதி வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை. பதிப்பில் குறைகள் உண்டு என்று பின்வந்த அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். இருந்தாலும் ஒரு பக்கம் மூலம், எதிர்ப்பக்கம் மொழிபெயர்ப்பு என்று இருப்பதால் தொடங்குவதற்கு அதுவே வசதி. ஆனால் எடுத்த உடனே முதல் தொகுதிக்குள் இறங்கிவிடாதீர்கள். ஏன் என்று மூன்றாம் படியில் சொல்கிறேன்.

படி 2: பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்

பழைய ஐரிஷ் எழுத்து கண்ணுக்கு ஒன்று, காதுக்கு வேறு. சொல்லின் நடுவில் வரும் ப பெரும்பாலும் வ ஆகிவிடும். அதனால்தான் நூலின் பெயரை லெவோர் கவாலா என்று எழுதினேன். ம-வும் பல இடங்களில் வ-வாக ஒலிக்கும். நெமெத் என்று எழுதும் பெயரை அக்காலத்தவர் நெவெத் என்றுதான் சொல்லியிருப்பார்கள். எழுதியபடி சொன்னால் தவறில்லை. ஏதாவது ஒரு ஒலியை முடிவுசெய்து கடைசிவரை அதையே வைத்துக்கொள்ளுங்கள், அது போதும். நூற்றுக்கணக்கான பெயர்கள் வரப்போகின்றன. வாயில் தங்காத பெயர் மனசிலும் தங்காது.

படி 3: கதையை 829இல் இருந்து தொடங்குங்கள்

லெவோர் கவாலாவுக்கு ஏறக்குறைய 200 ஆண்டுகள் முன்பு, 829 அல்லது 830இல், வேல்ஸில் லத்தீன் மொழியில் ‘பிரிட்டன்களின் வரலாறு’ என்று ஒரு சிறு நூல் எழுதப்பட்டது. நென்னியஸ் எழுதியதாகச் சொல்வது வழக்கம். அதில் அயர்லாந்துக்கு ஒதுக்கிய பகுதி ஓரிரு பக்கம்தான். இந்தக் கதையின் விதை அங்கே இருக்கிறது. ஐந்து தொகுதிகளுக்குள் போவதற்கு முன் அந்த ஓரிரு பக்கத்தை இரண்டு முறை படித்துவிடுங்கள்.

அதன்படி முதலில் பார்தலோமஸ் ஆயிரம் பேரோடு வருகிறான். நாலாயிரமாகப் பெருகிய பிறகு, ஒரே வாரத்தில் கொள்ளைநோயில் எல்லாரும் சாகிறார்கள். அடுத்து நிமெத் வருகிறான், வெகுகாலம் இருந்துவிட்டு ஸ்பெயினுக்குத் திரும்பிவிடுகிறான். கடைசியாக ஸ்பெயின் நாட்டுப் போர்வீரன் ஒருவனின் மூன்று மகன்கள் 30 கப்பல்களில் வருகிறார்கள். கடல் நடுவே கண்ணாடிக் கோபுரம் ஒன்றைப் பார்க்கிறார்கள். அதன்மேல் மனிதர்கள் தெரிகிறார்கள். கூப்பிட்டால் பதில் இல்லை. எல்லாரும் திரண்டு கோபுரத்தைத் தாக்கப் போகிறார்கள். கரையில் இறங்கியதும் கடல் எழுந்து அவர்களை மூடிவிடுகிறது. உடைந்துபோனதால் போகாமல் நின்ற ஒரே கப்பலின் ஆட்களிலிருந்துதான் அயர்லாந்து முழுவதும் நிறைந்தது.

பேசாத அந்தக் கோபுரத்து மனிதர்கள் யார் என்று அந்த நூல் சொல்வதில்லை. எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

சரி, இதற்குச் சற்றுப் பின்னாலேயே அந்த ஆசிரியர் இன்னொரு கதையையும் எழுதுகிறார். ஐரிஷ் அறிஞர்களிலேயே மிகச் சிறந்தவர்கள் தனக்குச் சொன்னது என்று பெருமையோடு குறிப்பிடுகிறார். செங்கடலில் எகிப்தியர்கள் மூழ்கியபோது, கருங்கடலுக்கு வடக்கே இருந்த சித்தியா நாட்டைச் சேர்ந்த ஒரு பிரபு எகிப்தில் இருந்தான், அவன் இஸ்ரவேலரைத் துரத்தப் போகவில்லை, நாடு கடத்தப்பட்டு ஆப்பிரிக்கா வழியாக 42 ஆண்டுகள் அலைந்தான், அவன் வழிவந்தோர் ஸ்பெயின் போய்ச் சேர்ந்து, கடைசியில் அயர்லாந்துக்கு வந்தார்கள் என்பது அந்தக் கதை.

இரண்டு கதைகளும் இங்கே தனித்தனியாக, ஒட்டாமல் கிடக்கின்றன. லெவோர் கவாலாவில் ஒன்றாகிவிட்டன. இதைப் பார்த்துவிட்டுப் பெரிய நூலுக்குள் போனால், எங்கே தையல் விழுந்திருக்கிறது என்று கண்ணில் படும். உதாரணத்துக்கு, கதையின் முக்கியக் குடும்பத்துக்குத் தகப்பன் பெயர் மீல் எஸ்பானியே. அது ஒரு மனிதனின் பெயரே அல்ல. ‘ஸ்பெயின் நாட்டுப் போர்வீரன்’ என்ற லத்தீன் சொற்றொடர் ஐரிஷ் வாயில் புகுந்து ஆளாகிவிட்டது. கடல் கோபுரமும் இடம் மாறியிருக்கிறது. பெரிய நூலில் அதைத் தாக்குகிறவர்கள் மீலின் மக்கள் அல்ல, நெமெத்தின் சந்ததியார். தப்பிய ஒரே படகும் அதில் இருந்த 30 பேரும் மட்டும் அப்படியே கூட வந்துவிட்டார்கள்.

படி 4: ஸ்பெயினின் கோபுரத்தில் ஏறிப் பாருங்கள்

ஐரிஷ்காரர்கள் ஏன் ஸ்பெயினிலிருந்து வர வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் நூல் எப்படி உருவானது என்பது முழுக்கப் புரிந்துவிடும். அதனால் இங்கே நிதானமாக நிற்போம்.

5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரோசியஸ் என்ற கிறிஸ்தவ அறிஞர் உலக வரலாறு ஒன்றை எழுதினார். அதன் முன்பகுதி புவியியல். அயர்லாந்து பிரிட்டனுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவில் இருக்கிறது என்று அதில் எழுதினார். ஸ்பெயினின் வடமேற்கு மூலையான கலீசியாவில் பிரிகான்சியா என்ற நகரம் இருக்கிறது, அங்கே மிக உயர்ந்த கலங்கரை விளக்கம் ஒன்று பிரிட்டனை நோக்கி நிற்கிறது என்றார். அயர்லாந்தின் ஒரு முனை, சேனா என்ற ஆற்றின் முகத்துவாரம் இருக்கும் இடம், அந்த பிரிகான்சியாவைப் பார்த்தபடி இருக்கிறது என்றும் சொன்னார். அடுத்து, 636இல் இறந்த செவில் நகர் இசிதோர், அயர்லாந்தின் லத்தீன் பெயரான ஹிபெர்னியா, ஸ்பெயின் இருக்கும் ஐபீரியாவின் பெயரோடு தொடர்புள்ளது என்று எழுதினார். அயர்லாந்து மடங்களில் இந்த இருவரையும் விடாமல் படித்தார்கள்.

அவ்வளவுதான். மீதியை ஐரிஷ் அறிஞர்கள் கட்டிக்கொண்டார்கள். பிரியோகான் என்ற தலைவன் பிரிகான்சியாவில் கோபுரம் கட்டினான். அவன் மகன் ஈத் ஒரு குளிர்கால மாலையில் அதன் உச்சியிலிருந்து பார்க்கும்போது, தொலைவில் நிலம் ஒன்று தெரிந்தது. அதுதான் அயர்லாந்து. ஒரு புவியியல் குறிப்பு இப்படி ஒரு காட்சியாகிவிட்டது. அந்தக் கலங்கரை விளக்கம் இன்றும் லா கொருன்யா நகரில் நிற்கிறது. ரோமர் கட்டியது. ஹெர்குலிஸ் கோபுரம் என்று பெயர். 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பக்கத்தில் பிரியோகானுக்கு ஒரு சிலையும் வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து அயர்லாந்து சுமார் 900 கிலோமீட்டர். எந்தக் கண்ணுக்கும் தெரியாது. ஒரோசியஸின் வரைபடத்தில் தெரியும்.

இதைவிட எனக்குப் பிடித்தது அந்த ஆற்றின் கதி. ஒரோசியஸ் சொன்ன சேனா, ஐரிஷில் இன்வர் ஸ்கேனே ஆயிற்று. மீலின் மக்கள் கரையேறும் முகத்துவாரம் அது, இன்றைய கென்மேர் விரிகுடா என்பது வழக்கமான கருத்து. பெயர் வந்தாயிற்று, பெயருக்குக் காரணம் வேண்டுமே? புலவன் அமர்கினுக்கு ஸ்கேனே என்று ஒரு மனைவி இருந்தாள், கரை சேரும் முன் கடலில் இறந்தாள், அவளை அங்கே புதைத்தார்கள், அதனால் அந்தப் பெயர் என்கிறது நூல். லத்தீன் புத்தகத்தின் ஓர் ஆற்றிலிருந்து ஒரு பெண் பிறந்து, வாழ்ந்து, இறந்தும் போய்விட்டாள். லெவோர் கவாலாவில் இறந்துபோகும் யாரைப் பார்த்தாலும், பக்கத்தில் ஏதாவது ஊரோ ஏரியோ பெயருக்குக் காத்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

படி 5: பாபேல் முதல் ஸ்பெயின் வரை, பைபிளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு

நூலின் முதல் சொற்களே ஆதியாகமத்தின் முதல் சொற்கள்தான். பிறகு நோவாவின் மகன் யாப்பேத்தின் வழியில் ஃபேனியஸ் ஃபர்சத் வருகிறான். பாபேலில் மொழிகள் 72ஆகப் பிரிந்த பிறகு அவன் அங்கே ஒரு பள்ளி நடத்துகிறான். அந்த 72 மொழிகளிலிருந்தும் தேர்ந்தெடுத்து வெட்டி எடுத்ததுதான் ஐரிஷ் மொழி. லத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் எபிரேயத்துக்கும் முன்னால் தன் தாய்மொழி குனிந்து நிற்கத் தேவையில்லை என்று காட்டுவதற்கு இதைவிடத் துணிச்சலான வழி எனக்குத் தெரியவில்லை.

ஃபேனியஸின் மகன் நேல் எகிப்துக்குப் போய்ப் பார்வோன் மகள் ஸ்கோட்டாவை மணக்கிறான். ஐரிஷ்காரர்களை லத்தீனில் ஸ்கோட்டி என்றார்கள், அந்தப் பெயருக்கு ஒரு தாய் கிடைத்துவிட்டாள். அவர்களுடைய மகன் கோய்தல் கிளாஸ், கேலிக் மக்களின் பெயருக்குத் தகப்பன். கிளாஸ் என்றால் பச்சை. பாம்பு கடித்த குழந்தை கோய்தலை மோசே குணப்படுத்தினார், கடித்த இடம் பச்சையாக நின்றுவிட்டது, அவன் சந்ததி வாழும் நாட்டில் பாம்பு இருக்காது என்று மோசே வாக்குக் கொடுத்தார் என்று பிற்காலத்தில் சேர்த்தார்கள். அயர்லாந்தில் பாம்பு இல்லை என்பது 3ஆம் நூற்றாண்டு லத்தீன் எழுத்தாளர் சொலினஸுக்கே தெரிந்த செய்தி.

அதன்பின் வரும் அலைச்சல் முழுக்க, இஸ்ரவேலர் எகிப்தை விட்டு வெளியேறும் கதையைச் சொல்லும் யாத்திராகமத்தின் நிழலில் நடக்கிறது. எகிப்தை விட்டு ஓடுகிறார்கள், தலைமுறை தலைமுறையாக அலைகிறார்கள். கைகெர் என்ற துருயித், அதாவது பழைய சமயத்துப் பூசாரி, அயர்லாந்து போய்ச் சேரும்வரை உங்களுக்கு ஓய்வில்லை என்று முன்னறிவிக்கிறான். மீல், வாக்களிக்கப்பட்ட நாட்டில் கால் வைக்காமலே இறக்கிறான். இடையில் கடற்கன்னிகளின் பாட்டிலிருந்து தப்பக் காதில் மெழுகு ஊற்றிக்கொள்ளும் காட்சியும் உண்டு. அது கிரேக்கக் காவிய நாயகன் யுலிசீஸின் கடலிலிருந்து வந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். மீலும் எகிப்துக்குப் போகிறான், அவனும் ஒரு பார்வோன் மகளை மணக்கிறான், அவள் பெயரும் ஸ்கோட்டா. ஒரே கதையின் இரண்டு வடிவங்கள் கிடைத்தபோது, தொகுத்தவர் எதையும் தூக்கி எறியவில்லை, இரண்டையும் வரிசையில் வைத்துவிட்டார். இந்த நூலில் ஒரே நிகழ்ச்சி இரண்டு முறை வந்தால் குழம்ப வேண்டாம். இரண்டு சுவடிகள் சந்தித்த இடம் அது என்று ஓரத்தில் குறித்துக்கொண்டு மேலே போங்கள்.

படி 6: ஆறு வருகைகளை ஒரே மூச்சில் ஓட்டுங்கள்

கெசர், பார்தலோன், நெமெத், ஃபிர் போல்க், தூவா டே டானன், மீலின் மக்கள். இந்த வரிசையை மனப்பாடம் செய்துவிடுங்கள். முதல் வாசிப்பில் ஒவ்வொன்றிலும் நிற்காமல் ஓடுங்கள்.

ஓடும்போதே, நிலம் எப்படி வளர்கிறது என்று மட்டும் கண் வைத்திருங்கள். பார்தலோன் வந்தபோது தீவில் சமவெளிகளும் ஏரிகளும் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தன. அவன் காலத்தில் நான்கு சமவெளிகள் காடு வெட்டித் திருத்தப்பட்டன, ஏழு ஏரிகள் வெடித்துக் கிளம்பின. முதல் போர், முதல் கள்ளக்காதல் எல்லாமே அவன் கணக்கில்தான். பார்தலோன் என்பது பர்த்தொலொமேயு என்ற பைபிள் பெயர். பழைய தெய்வப் பெயர் அல்ல. அந்தப் பெயருக்கு ‘நீரைத் தாங்கி நிறுத்தியவனின் மகன்’ என்று மடங்களில் பொருள் சொன்னார்கள், வெள்ளத்துக்குப்பின் வரும் முதல் ஆளுக்கு அது பொருந்திவிட்டது. அவன் மக்கள் ஒரே வாரத்தில் செத்தார்கள். 829இன் நூலில் நாலாயிரமாக இருந்தவர்கள் இங்கே 5000 ஆண்கள், 4000 பெண்கள் ஆகிவிட்டார்கள். டப்ளினின் புறநகரான டாலாவின் பெயருக்கு ‘கொள்ளைநோய்ப் புதைகுழி’ என்று பொருள் சொல்லி, அவர்களை அங்கே புதைத்துவிட்டது நூல்.

நெமெத்தின் மக்களை ஃபோமோரியர் என்ற கடல்வாழ் கொடியவர்கள் வதைக்கிறார்கள். ஒவ்வொரு சம்ஹைன் திருநாளிலும், அதாவது குளிர்காலம் பிறக்கும் நவம்பர் தொடக்கத்தில், பிறந்த குழந்தைகளிலும் தானியத்திலும் பாலிலும் மூன்றில் இரண்டு பங்கைக் கப்பமாகக் கட்ட வேண்டும். கோபுரத்தைத் தாக்குகிறார்கள், கடல் மூடுகிறது, தப்பிய 30 பேர் சிதறுகிறார்கள். கிரேக்கத்துக்குப் போனவர்கள் அங்கே அடிமைகளாகப் பைகளில் மண் சுமந்து, ஃபிர் போல்க், அதாவது ‘பை மனிதர்கள்’ என்ற பெயரோடு திரும்புகிறார்கள். தீவை ஐந்தாகப் பிரித்தவர்கள் அவர்கள்தான். இன்றும் ஐரிஷ் மொழியில் மாகாணத்துக்குச் சொல் கூகே. ‘ஐந்தில் ஒன்று’ என்று பொருள். இப்போது இருப்பவை நான்கு மாகாணங்கள்தான், சொல் மட்டும் ஐந்தை மறக்கவில்லை.

படி 7: தூவா டே டானனிடம் வந்ததும் நின்றுவிடுங்கள்

இங்கே அவசரம் வேண்டாம். இவர்கள் அயர்லாந்தின் பழைய தெய்வங்கள். லூக் என்ற வீரனின் பெயர், இன்றைய பிரான்ஸ் பகுதியில் இருந்த ‘கால்’ என்ற நாட்டில் வணங்கப்பட்ட லுகுஸ் தெய்வத்தின் பெயரேதான். கை இழந்த அரசன் நுவாடாவின் பெயர், இங்கிலாந்தின் லிட்னியில் கோயில் கொண்டிருந்த நோடென்ஸ் என்ற தெய்வத்தின் பெயரோடு ஒத்துப்போகிறது. எழுதுகிறவரோ கிறிஸ்தவர். தெய்வம் என்று சொல்ல முடியாது, விட்டுவிடவும் மனமில்லை. என்ன செய்வார்?

அந்தத் தவிப்பை நூலில் கையால் தொட்டுப் பார்க்கலாம். கருமேகங்களில் வந்து மேற்கு மாகாணமான கோனாக்டில் ஒரு மலைமேல் இறங்கினார்கள், மூன்று நாள் சூரியன் மறைந்தது என்று முதலில் சொல்கிறது. உடனே, இல்லை, அவர்கள் கப்பலில்தான் வந்தார்கள், திரும்பிப் போகும் எண்ணம் வரக்கூடாது என்று கப்பல்களை எரித்தார்கள், அந்தப் புகைதான் மேகமாகத் தெரிந்தது என்கிறது. பேய்கள் என்று சிலர் சொல்வார்கள், ஆனால் அவர்களுக்கு மனித வம்சாவளி இருக்கிறது என்று ஓரிடத்தில் வாதாடுகிறது. நூலுக்குள் வரும் ஒரு பாடல், இவர்களைப் பட்டியலிட்டாலும் வணங்கவில்லை என்று சொல்லிவிட்டே நகர்கிறது. பாட்டன் பூட்டன் கும்பிட்டவர்களின் பெயர் அழியக்கூடாது என்ற பாசமும், தன் விசுவாசத்துக்குத் துரோகம் செய்யக்கூடாது என்ற நேர்மையும் ஒரே வரியில் இருக்கின்றன. இந்த நூலை நான் நேசிப்பதற்குப் பெரிய காரணம் இதுதான்.

லெவோர் கவாலா இவர்களுடைய போர்களைச் சுருக்கித்தான் சொல்லும். அதனால் இந்த இடத்தில் அதை மூடிவைத்துவிட்டு, ‘மாய் துரா போர்’ என்ற தனிக் கதையை எடுங்கள். 16ஆம் நூற்றாண்டுச் சுவடி ஒன்றில் மட்டும் தப்பியது. அரசன் நுவாடா போரில் கை இழக்கிறான். உடல் குறையுள்ளவன் அரசாளக்கூடாது என்பது விதி. வைத்தியன் தியான் கேக்ட் அவனுக்கு வெள்ளிக்கை செய்து வைக்கிறான். வைத்தியனின் மகன் மியாக், வெட்டுப்பட்ட கையையே மறுபடி ஒட்டி உயிர் கொடுக்கிறான். பொறாமையில் தகப்பனே மகனைக் கொல்கிறான். மகனின் சமாதியில், உடலின் மூட்டுக்கும் நரம்புக்கும் ஒன்றாக, 365 மூலிகைகள் முளைக்கின்றன. தங்கை ஐர்மெத் அவற்றைத் தன் மேலாடையில் பறித்து, எதற்கு எது மருந்து என்று வரிசைப்படுத்துகிறாள். தகப்பன் அதைக் கலைத்துவிடுகிறான். அதனால்தான் மூலிகைகளின் முழுக் குணமும் மனிதருக்குத் தெரியாமல் போயிற்று.

அப்புறம் லூக் வருகிறான், எல்லாக் கலையும் தெரிந்தவன். அரசனின் இருப்பிடமான தாரா கோட்டை வாசலில் காவலன் ஒவ்வொரு தொழிலாகக் கேட்டுத் திருப்பி அனுப்பப் பார்க்கிறான். இத்தனையும் தெரிந்த ஒரே ஆள் உள்ளே இருக்கிறானா என்று லூக் கேட்கிறான். கதவு திறக்கிறது. ஃபோமோரியத் தலைவன் பலோர், பார்வையாலேயே படைகளை அழிக்கும் கண்ணுடையவன். அந்தக் கண்ணின் இமையைத் தூக்க நான்கு பேர் வேண்டும். லூக் அவனுக்குப் பேரன். இமை திறந்த நொடியில் கவண்கல்லால் அடித்து, கண்ணை மறுபக்கமாகத் தள்ளிவிடுகிறான், ஃபோமோரியப் படையை அந்தக் கண்ணே அழிக்கிறது.

ஐரிஷ் மொழியில் ஆகஸ்ட் மாதத்துக்கு இன்றும் லூனசா என்று பெயர். லூக் தன் வளர்ப்புத் தாய் டெய்ல்டியுவின் நினைவாகத் தொடங்கிய திருவிழாவின் பெயர் அது.

படி 8: கடைசி வருகையை உரக்கப் படியுங்கள்

மீலின் மக்கள் வரும்போது தூவா டே டானனின் மூன்று அரசிகள் ஒருவர்பின் ஒருவராக எதிர்ப்படுகிறார்கள்: பன்பா, ஃபோட்லா, ஏரியு. தீவுக்குத் தன் பெயரை வைக்கும்படி ஒவ்வொருத்தியும் கேட்கிறாள். தீவின் நடுவில் இருக்கும் உஷ்னாக் குன்றில் ஏரியு அவர்களை வரவேற்கிறாள். மீலின் மூத்த மகன் டோன் அவளை அவமதிக்கிறான். இந்தத் தீவால் உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் பயனில்லை என்கிறாள். அவன் கடலில் மூழ்கிச் சாகிறான். மூன்று பெயர்களும் நாட்டுக்கு நிலைத்தன. ஏரியுவின் பெயர்தான் இன்றைய ஏரே.

வந்தவர்கள் ஒன்பது அலை தூரம் பின்வாங்கி, மறுபடி இறங்கி வெல்ல வேண்டும் என்பது அமர்கின் சொன்ன தீர்ப்பு. வலது காலை மண்ணில் வைத்ததும் அவன் பாடும் பாடலை வாய்விட்டே படிக்க வேண்டும். கடல்மேல் காற்று நான், பெருங்கடலின் அலை நான், காளை நான், பருந்து நான், குளத்தில் சால்மன் மீன் நான் என்று போகும். பொருள் முழுவதையும் அவிழ்த்தவர் யாரும் இல்லை.

படி 9: சாட்சி யார் என்று கேளுங்கள்

பார்தலோனின் கூட்டம் முழுக்கச் செத்துவிட்டது என்றால், கதையைச் சொன்னது யார்? நமக்கு வரும் இந்தக் கேள்வி அன்றைய அறிஞர்களுக்கும் வந்தது. பதிலும் வைத்திருந்தார்கள். கெசரோடு வந்த ஃபின்டன் வெள்ளத்தில் தப்பி, சால்மன் மீனாகவும் கழுகாகவும் பருந்தாகவும் 5500 ஆண்டுகள் வாழ்ந்து எல்லாவற்றையும் பார்த்தான். பார்தலோன் கூட்டத்தில் மிஞ்சிய தூவான், மானாகவும் பன்றியாகவும் பருந்தாகவும் மீனாகவும் உருமாறி வாழ்ந்தான். மீனாக இருந்தபோது ஓர் அரசி அவனைச் சமைத்துச் சாப்பிட, அவள் வயிற்றில் மனிதனாகப் பிறந்து, மோவில் ஊர்த் துறவி ஃபினியனிடம் அத்தனையையும் சொன்னான். தூவானின் தனிக்கதை சிறியது. ஒரு மாலையில் படித்துவிடலாம். கட்டாயம் படியுங்கள்.

படி 10: வம்சாவளியைப் பார்த்து, யாருக்கு லாபம் என்று கேளுங்கள்

மீலின் மகன்கள் ஏரமோனும் ஏவரும் தீவை வடக்கு தெற்காகப் பிரித்துக்கொண்டார்கள். வடக்கில் ஆண்ட ஈ நேல் வம்சம் ஏரமோன் வழி, தெற்கில் மன்ஸ்டரை ஆண்ட ஓகநாக்டா ஏவர் வழி. நூல் எழுதப்பட்ட காலத்தின் அரசியல் வரைபடம் அப்படியே கதைக்குள் இறங்கியிருக்கிறது. 1014இல் குளோன்டார்ஃப் போரில் இறந்த பிரையன் போருவின் டால் காஷ் குலம், அதற்கு முன் பெரிய இடத்தில் இல்லாதது. அதிகாரம் கைக்கு வந்ததும் ஓகநாக்டாவின் முன்னோனுக்கு ஒரு சகோதரன் இருந்ததாகக் காட்டி, ஏவர் வழியில் தன்னைச் சேர்த்துக்கொண்டது. ஆளப்பட்ட பல குடிகளுக்குக் கிடைத்த முன்னோர்கள் ஃபிர் போல்க்.

இந்தக் கதை நாட்டுக்கு வெளியேயும் வேலை செய்தது. 1317இல் ஐரிஷ் தலைவர்கள் ஆங்கிலேயர் கொடுமையை எதிர்த்துப் போப்பாண்டவருக்கு அனுப்பிய முறையீட்டில் மீலின் மக்கள் வருகிறார்கள். 1320இல் ஸ்காட்லாந்து பிரபுக்கள் ஆர்ப்ரோத்திலிருந்து அனுப்பிய கடிதத்திலும், சித்தியாவிலிருந்து ஸ்பெயின் வழியாக வந்தவர்கள் நாங்கள் என்று இருக்கிறது. ஐரிஷ் ஆட்சியமைப்பு சிதைந்துபோயிருந்த 1631இல், துறவி மீஹால் ஓ கிளேரி பழைய சுவடிகளைத் தேடித் திரட்டி இந்த நூலைப் புதிதாக எழுதி முடித்தார்.

படி 11: நிலத்தில் தேடுங்கள், தோண்டாதீர்கள்

வரைபடம் ஒன்றை விரித்து டாலா, உஷ்னாக், டெய்ல்டியுவின் பெயர் தாங்கிய டெல்டவுன், கடல் கோபுரம் நின்றதாகச் சொல்லும் டோரி தீவு, தாரா என்று குறித்துக்கொண்டே படித்தால் நூல் வேறு நிறம் எடுக்கும். தூவா டே டானன் மீலின் மக்களிடம் தோற்றபின் மண்மேடுகளுக்குள் போய்விட்டார்கள் என்கிறது கதை. அப்படி ஒரு மேடுதான் பாய்ன் ஆற்றங்கரையில் இருக்கும் நியூகிரேஞ்ச். சுமார் கி.மு. 3200இல் கட்டிய கல்லறை அது. கட்டியவர்களின் பெயர் மறைந்து நாலாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு வந்தவர்கள் அதற்கு உள்ளே தெய்வங்களைக் குடிவைத்தார்கள்.

நூலை அப்படியே நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் தாராவில் ஒரு தழும்பு இருக்கிறது. ஏரமோனின் மனைவி டேயாவின் பெயரால் தாராவுக்குப் பெயர் வந்தது என்று நூல் சொல்கிறது. பிற்காலத்தில் அவளை ஓர் எபிரேய இளவரசியாக்கி, மோசேயின் கற்பலகைகள் வைத்த உடன்படிக்கைப் பெட்டி அங்கே புதைந்திருக்கிறது என்று ஒரு குழு நம்பியது. பிரிட்டிஷ் இஸ்ரவேலர் என்று பெயர். 1899 முதல் 1902 வரை தாராவில் ஒரு பழைய மண்கோட்டையைத் தோண்டிக் குதறினார்கள். கவிஞர் யேட்ஸும் டக்ளஸ் ஹைடும் மற்றவர்களும் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். பெட்டி கிடைக்கவில்லை, மேடு சிதைந்ததுதான் மிச்சம்.

படி 12: இரண்டாம் வாசிப்புக்கு ஒரு நோட்டு

இப்போது மக்காலிஸ்டரின் ஐந்து தொகுதிகளையும் முதலிலிருந்து எடுங்கள். நோட்டில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் எதிரே, பைபிளா, லத்தீன் புத்தகமா, பழைய தெய்வமா, ஊர்ப் பெயரா, அரசகுலத்தின் தேவையா என்று குறியுங்கள். பல இடங்களில் இரண்டு மூன்று சேர்ந்து வரும். எதிலும் அடங்காதவற்றுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். கண்ணாடிக் கோபுரத்து மனிதர்கள் என் நோட்டில் அந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள். ஏரமோனும் ஏவரும் தீவைப் பங்கிட்ட பிறகு, மிச்சம் நின்ற இரண்டு பேருக்காகச் சீட்டுப் போட்டதும் அங்கேதான் இருக்கிறது. ஒருவன் புலவன், ஒருவன் யாழ் மீட்டுகிறவன். புலவன் வடக்குக்கு விழுந்தான், யாழ் மீட்டுகிறவன் தெற்குக்கு. அதனால்தான் வடக்கில் புலமையும் தெற்கில் இசையும் உலகம் முடியும்வரை இருக்கும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.